அவனை எனக்குப் பிடித்திருக்கிறது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆண்மீது காதல் கொள்ளும் ஆண்களும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கடிதங்களுக்கு, மனநல ஆலோசகர்களும் பால்வினை நோய் மருத்துவர்களும் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள். பெயர், ஊர், வேலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். வயது மட்டும் இருக்கிறது.

பள்ளியில் படிக்கும்போதே என் கண் பையன்கள் மேல்தான் போகும். ஆனால் இதுவரை யாரோடும் எதுவும் நடந்ததில்லை. அனுபவமே இல்லாமல் நான் கே என்று எப்படி முடிவு செய்வது? ஒரு பெண்ணோடு பழகிப் பார்த்தால் தெரிந்துவிடுமா? (வயது 19)

பெண்களை விரும்பும் பையனிடம் போய், "ஒரு பெண்ணைக்கூடத் தொட்டதில்லையே, உனக்கு எப்படித் தெரியும்?" என்று யாரும் கேட்பதில்லை. உங்களுக்கும் அந்தப் பரீட்சை வேண்டாம். யார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பேச்சு தடுமாறுகிறது, யாருடைய மெசேஜுக்காகப் போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறீர்கள், தூக்கம் வராத ராத்திரியில் கற்பனையில் வருவது யார் என்று கவனியுங்கள். வருடக்கணக்காக அது ஆண்களாகவே இருந்தால், அதுதான் பதில். இரண்டு பேரும் வருகிறார்கள் என்றால் அதற்கும் பெயர் இருக்கிறது: பைசெக்சுவல், இருபாலீர்ப்பு. இன்னும் தெளிவாகவில்லை என்றால் பெயர் வைக்காமலேயே கொஞ்ச காலம் இருக்கலாம்.

விவியன் காஸ் என்ற உளவியலாளர் 1979-ல் இந்தப் பயணத்தை ஆறு கட்டங்களாகப் பிரித்தார். முதல் கட்டமே குழப்பம்தான். ஆனால் எல்லோரும் வரிசையாகப் படியேறுவதில்லை. இரண்டு படி ஏறி ஒரு படி இறங்குபவர்கள்தான் அதிகம்.

பெண்ணோடு பழகிப் பார்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கும் மனசு இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தவிக்கிறேன். எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது? (வயது 24)

சொல்வதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். சொன்ன அன்றே வீட்டை விட்டுப் போகச் சொன்னால் எங்கே தூங்குவீர்கள்? படிப்புச் செலவோ சாப்பாடோ வீட்டை நம்பி இருந்தால், அடிப்பார்கள், அடைத்து வைப்பார்கள் என்ற பயம் கொஞ்சமாவது இருந்தால், காத்திருங்கள். அது கோழைத்தனம் இல்லை. அந்த இடைவெளியில் உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, அதில் மூன்று மாதச் செலவுக்குப் பணம், படிப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டையும் கைக்கெட்டும் இடத்தில், நடு ராத்திரி போனாலும் கதவைத் திறக்கும் ஒரு நண்பர். இவ்வளவும் தயாராகட்டும். வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்த போன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. நிச்சயம் ஏற்றுக்கொள்வார் என்று தோன்றும் ஒருவரிடம் முதலில் சொல்லிப் பாருங்கள். தோழியாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம். அந்த வார்த்தைகள் உங்கள் வாயிலிருந்தே வெளியே வந்து உங்கள் காதில் ஒருமுறை விழுந்துவிட்டால், அடுத்த முறை குரல் அவ்வளவு நடுங்காது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வீட்டில் விசேஷம், ஆபரேஷன், பணப் பிரச்சினை எதுவும் நெருங்கி வராத ஒரு விடுமுறை நாளில், காலையில், இருவரும் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். ராத்திரி சொன்னால் இரண்டு பேருக்கும் தூக்கம் போகும், விடிவதற்குள் பயம் இரண்டு மடங்காகிவிடும். குடித்துவிட்டுச் சொல்லாதீர்கள். சண்டைக்கு நடுவில் "நான் அப்படித்தான், என்ன செய்வாய்?" என்று வீசி எறியாதீர்கள். அப்படி வெளியே வந்தால், சொன்ன விஷயம் கடைசி வரை அந்தச் சண்டையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நாலைந்து வாக்கியம் போதும். இப்படி: "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குப் பொண்ணுங்க மேல ஈர்ப்பு வர்றதில்ல, ஆம்பளைங்க மேலதான் வருது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். இது நீ வளர்த்ததால வந்தது இல்ல. நீ உடனே எதுவும் சொல்லணும்னு இல்லம்மா." இதற்குப் பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனம் தாங்க முடியாததாக இருக்கும். அதை நிரப்ப ஆராய்ச்சி, அறிவியல் என்று பிரசங்கம் செய்யத் தொடங்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு.

பொதுவாக வரும் கேள்விகள் சில உண்டு. "யாருடா உன்னைக் கெடுத்தது?" என்றால், "யாரும் இல்லம்மா, இது எனக்குள்ளயே இருந்தது." "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றால், "ஆகாதும்மா. ஒரு பொண்ணோட வாழ்க்கையும் சேர்ந்து போயிடும்." "அப்பாகிட்ட சொல்லிடாத" என்றால், சரி என்று சொல்லுங்கள். ஆனால் எத்தனை நாளைக்கு என்று பிறகு இருவரும் பேசிக்கொள்ளுங்கள். கணவரிடம் இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துக்கொண்டு நடமாடுவது அம்மாவுக்கும் பாரம்.

காதலன் இருந்தால், அவரைப் பற்றி அன்றைக்கே சொல்ல வேண்டாம். சொன்னால் பழி முழுக்க அந்தப் பையன் தலையில் விழும்.

முதல் நாள் கேட்கும் வார்த்தைகளைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இதற்குப் பழக எத்தனை வருடம் எடுத்துக்கொண்டீர்கள்? அம்மாவுக்கு அது ஒரு காலைப்பொழுதில் வந்து இறங்குகிறது. மறுநாள் வழக்கம்போலவே பேசுங்கள், வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள். தன் பிள்ளை அதே பிள்ளைதான் என்று அவருக்குப் புரிவது அதில்தான்.

எங்கள் இருவரில் யார் கணவன், யார் மனைவி என்று நண்பர்கள் கேட்கிறார்கள். (வயது 27)

இரண்டு பேரும் ஆண்கள், அதனால் மனைவி என்று யாரும் இல்லை. படுக்கையில் டாப் (உட்செலுத்துபவர்), பாட்டம் (ஏற்பவர்), வெர்ஸ் (இரண்டும்) என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொற்கள். யார் சமைப்பது, யார் சம்பாதிப்பது, யார் அழுவது என்பதற்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. விருப்பம் காலப்போக்கில் மாறவும் செய்யும். அது உங்கள் இருவருக்குள் இருக்க வேண்டிய விஷயம், நண்பர்களுக்குச் சொல்லியாக வேண்டியதில்லை.

வீட்டில் விஷயம் தெரிந்து ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். ஆறு மாதத்தில் மாற்றிவிடலாம் என்கிறார். உண்மையா? (வயது 22)

இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. 1990 மே 17 அன்று உலக சுகாதார நிறுவனமும் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. இல்லாத நோய்க்கு மருந்து எங்கிருந்து வரும்?

மாற்ற முடியும் என்பவர்கள் மேற்கோள் காட்ட விரும்பும் ஒரு ஆய்வு உண்டு. ராபர்ட் ஸ்பிட்சர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 2003-ல் வெளியிட்டது. மாறிவிட்டதாகச் சொன்னவர்களின் சொந்த வார்த்தைகளை மட்டுமே நம்பி எழுதப்பட்ட ஆய்வு அது. 2012-ல் அவரே அது தவறு என்று ஒப்புக்கொண்டு தன்பாலீர்ப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 1973-ல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு முன்னின்று உழைத்தவரும் இதே ஸ்பிட்சர்தான் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் சொல்வதில்லை.

ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையால் ஈர்ப்பு போவதில்லை. மனச்சோர்வும் தன்வெறுப்பும் தற்கொலை எண்ணமும்தான் வருகின்றன. மின் அதிர்ச்சி, ஹார்மோன் ஊசி, பெயர் சொல்லாத மாத்திரை என்று எது கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு வந்தால் திடீரென்று நிறுத்தாமல், மருந்துச் சீட்டோடு வேறொரு மனநல மருத்துவரைப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள்: "தன்பாலீர்ப்பை மாற்ற வேண்டியது என்று நினைக்கிறீர்களா?" பதில் "இல்லை" என்று உடனே வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லி, அவரோடு அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

நான் காதலிப்பவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மருந்து சாப்பிடுகிறார். பழகுவதற்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்திருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. (வயது 31)

முன்கூட்டியே சொன்ன மனிதரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அது நல்ல தொடக்கம்.

நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற அளவு. ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் 200-க்கும் கீழே இருந்து, மருந்து விடாமல் சாப்பிட்டு வந்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து உங்களுக்குத் தொற்றாது. 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள, மற்றவருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 முறை உறவு. துணையிடமிருந்து வந்த தொற்று ஒன்றுகூட இல்லை. மருந்து தொடங்கியதிலிருந்து இந்த நிலையை எட்டப் பலருக்கு ஆறு மாதம் வரை ஆகும். மருந்தை விட்டால் வைரஸ் மறுபடி ஏறும். மற்ற பால்வினை நோய்களுக்கு இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது.

பரிசோதனையை எப்போது, எப்படிச் செய்துகொள்வது? பிரெப் மாத்திரை என்றால் என்ன? ஒருமுறை ஆணுறை கிழிந்துவிட்டது, அன்றிலிருந்து தூக்கம் இல்லை. (வயது 26)

கிழிந்து 72 மணி நேரத்துக்குள் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைக்கோ எச்.ஐ.வி. மையத்துக்கோ போய் "பெப் வேண்டும்" என்று சொல்லுங்கள். எச்.ஐ.வி. உடலுக்குள் போயிருக்கலாம் என்ற நிலையில், அது தொற்றாமல் தடுக்கச் சாப்பிடும் மருந்து அது. முதல் மாத்திரை எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

72 மணி நேரம் கடந்துவிட்டால் பரிசோதனைதான். மறுநாளே ஓடிப்போய் எடுத்த பரிசோதனையில் நெகட்டிவ் வந்தால் அது பழைய நிலவரத்தைத்தான் சொல்லும். ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 45 நாள் ஆக வேண்டும். வீட்டிலேயே செய்யும் சுய பரிசோதனைக்கு 90 நாள். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் கூடவே ரத்தம் கொடுங்கள். அதன் முதல் புண் வலிக்காது, ஆசனவாய்க்குள்ளோ வாய்க்குள்ளோ இருந்தால் தெரியவும் தெரியாது. தானாகவே ஆறிவிடும், நோய் மட்டும் உள்ளே இருக்கும்.

நிறையப் பேர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினை நோய்கள் இரண்டுக்கும் சிறுநீர் மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். தொண்டையிலும் ஆசனவாயிலும் இருக்கும் தொற்று சிறுநீரில் தெரியாது, பெரும்பாலும் அறிகுறியும் காட்டாது. மூன்று இடத்திலும் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ஹெபடைடிஸ் ஏ, எச்.பி.வி. தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள்.

பிரெப் என்பது எச்.ஐ.வி. தொற்று வருவதற்கு முன்பே, அதைத் தடுக்கச் சாப்பிடும் மாத்திரை. தினம் ஒன்று சாப்பிடலாம். எப்போதாவதுதான் உறவு என்றால் ஆண்களுக்கு 2-1-1 முறை இருக்கிறது: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் இரண்டு மாத்திரை, அதிலிருந்து 24 மணி நேரம் கழித்து ஒன்று, இன்னும் 24 மணி நேரம் கழித்து மற்றொன்று. உறவு தொடர்ந்தால், கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் வரை தினம் ஒன்று. தொடங்கும் முன் எச்.ஐ.வி., சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி மூன்றையும் பார்த்தாக வேண்டும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு 2-1-1 கூடாது. அதே மாத்திரை அந்த வைரஸையும் அடக்கி வைப்பதால், விட்டு விட்டுச் சாப்பிட்டால் கல்லீரல் வீங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை.

ஆணுறை ஏன் கிழிந்தது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் காரணம் எண்ணெய், வாசலின், லோஷன். இவை லேடெக்ஸைச் சில நிமிடங்களிலேயே நைந்துபோக வைக்கும். ஆசனவாயில் இயற்கையான வழுவழுப்பு கிடையாது. அதனால் தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான லூப் (வழுவழுப்பூட்டும் ஜெல்) தாராளமாக வேண்டும், நடுவில் மறுபடியும் போட வேண்டும். மரத்துப்போக வைக்கும் கிரீம் வேண்டாம். வலிதான் நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை, அதை ஊமையாக்கினால் காயம் தெரியாது. பாப்பர்ஸையும் (உறவின்போது சிலர் முகரும் ரசாயனம்) விறைப்புக்கான மாத்திரையையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கும்.

மூன்று வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். சண்டை வந்தால் அவன் கதவைச் சாத்திக்கொள்கிறான், நான் வெளியே நின்று மெசேஜ் மேல் மெசேஜ் போடுகிறேன். அவன் சொந்தக்காரர்கள் வந்தால் நான் ரூம்மேட் ஆகிவிடுகிறேன். (வயது 33)

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டாவது விஷயம்தான் முதல் விஷயத்துக்கு வேர் என்று தோன்றுகிறது. விருந்தினர் வருவதற்கு முன் ஒருவர் பரபரவென்று இரண்டாவது தலையணையைப் பீரோவுக்குள் தள்ளுகிறார், குளியலறையிலிருந்து ஒரு டூத் பிரஷ்ஷை எடுத்துப் பையில் போடுகிறார். மற்றவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அன்று ராத்திரி வரும் சண்டை பாத்திரம் கழுவுவதைப் பற்றி இருக்கும். வெளியே ஒளிந்து வாழ்வதன் அழுத்தம் வீட்டுக்குள் இப்படித்தான் வந்து வெடிக்கிறது. அவருக்கு இன்னும் சொல்லும் தைரியம் வரவில்லை என்றால் அவரை வற்புறுத்தாதீர்கள். ஆனால் யார் வந்தால் என்ன சொல்வது, எத்தனை நாள் தங்கலாம், உங்கள் பொருள் எதை அப்படியே விடுவது என்பதை முன்கூட்டியே இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உங்களைக் கேட்காமல் உங்கள் தலையணை பீரோவுக்குள் போகக் கூடாது.

சண்டைக்கு வருவோம். ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் ஆண் ஜோடிகள் 21, பெண் ஜோடிகள் 21 என்று 12 வருடம் கவனித்து 2003-ல் எழுதினார்கள். ஆண்-பெண் தம்பதிகளைவிட இவர்கள் சண்டையை மென்மையாகத் தொடங்கினார்கள், நடுவில் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் ஆண் ஜோடிகளில் பேச்சைத் தொடங்கியவர் ரொம்பக் காரமாகப் போய்விட்டால், மற்றவரால் அதைச் சமாதானப்படுத்தி மீட்பது கடினமாக இருந்தது. ஆகவே முதல் வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்காதீர்கள். "நேத்து உன் அண்ணன் முன்னாடி என் பேரைக்கூடச் சொல்லல, எனக்கு ரொம்ப வலிச்சுது" என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

இதயம் படபடக்கும்போது காது கேட்காது. கதவைச் சாத்துகிறவர் சாத்தட்டும், ஆனால் "அரை மணி நேரத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சாத்த வேண்டும், சொன்ன நேரத்தில் திறக்க வேண்டும். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு மெசேஜ்கூட அனுப்பக் கூடாது. ஒவ்வொரு மெசேஜும் அந்த 20 நிமிடத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும்.

எனக்கு அடுத்த மாதம் ஒரு பெண்ணோடு கல்யாணம். அவளுக்கு எதுவும் தெரியாது. (வயது 29)

நிறுத்துங்கள். எவ்வளவு ஏற்பாடு நடந்திருந்தாலும் பரவாயில்லை. பிறகு தன் முகத்திலும் உடம்பிலும் என்ன குறை என்று கண்ணாடி முன் நின்று தேடப்போவது அந்தப் பெண்தான். காரணத்தைச் சொல்லும் நிலையில் நீங்கள் இல்லாவிட்டால் சொல்ல வேண்டாம். "எனக்குக் கல்யாணம் வேண்டாம், தப்பு என்னோடது, பொண்ணு மேல எந்தக் குறையும் இல்ல" என்ற வாக்கியம் இரண்டு வீட்டாரின் காதிலும் தெளிவாக விழ வேண்டும். "இப்போ வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த "இப்போ" அடுத்த வருடம் திரும்பி வரும்.

டேட்டிங் ஆப்பில் பழகியவன் என் படங்களை வைத்துப் பணம் கேட்கிறான். வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்கிறான். (வயது 35)

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம்தான் மறுபடி கேட்பார்கள். அவசரத்தில் சாட் உரையாடலை அழித்துவிடாதீர்கள். முதலில் அவனுடைய புரொஃபைல், போன் எண், மிரட்டல், பணம் அனுப்பச் சொன்ன கணக்கு எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு ஆப்பில் புகார், அதற்குப் பிறகு பிளாக். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் வங்கிக்கு உடனே தகவல். ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற இலவசச் சேவை இருக்கிறது. உங்கள் படம் போனை விட்டு வெளியே போகாமலேயே அதற்கு ஒரு எண் அடையாளம் உருவாக்கி, இதில் சேர்ந்துள்ள சமூக வலைத்தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவும்.

காவல் நிலையத்துக்குப் போவது உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. இன்னமும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலுறவு குற்றம். அங்கே இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞர். குற்றமில்லாத நாட்டில் இருந்தால், மிரட்டிப் பணம் பறிப்பதுதான் வழக்கு, உங்கள் காதல் வாழ்க்கை இல்லை. புகாரை அந்த வார்த்தைகளிலேயே எழுதுங்கள்.

22 வருடமாக இருவரும் ஒன்றாக இருக்கிறோம். எங்கள் நாட்டில் இதற்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. அவருக்கு இதய நோய். (வயது 58)

2001 ஏப்ரல் 1 அன்று நெதர்லாந்து தொடங்கி வைத்த ஒருபால் திருமணம் உங்கள் நாட்டுக்கு வரும்வரை காகிதங்கள்தான் உங்களுக்குத் துணை. அவர் நன்றாக இருக்கும்போதே செய்யுங்கள். மருத்துவ முடிவுகளை எடுக்க உங்களை நியமிக்கும் கடிதம், இருவருக்கும் தனித்தனி உயில். உயிலுக்குச் சாட்சியாகச் சொத்து பெறுபவர் கையெழுத்துப் போடக் கூடாது. வங்கியில் நாமினியாக இருப்பது மட்டும் போதாது. சில நாடுகளில் நாமினி, வாரிசுக்காகப் பணத்தை வாங்கி வைப்பவர் மட்டும்தான். வீடு இருவர் பெயரிலும் இருக்கட்டும். நகல்களை மூன்றாவது ஆள் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அவருடைய இதய மருத்துவரிடம் அடுத்த முறை நீங்களும் கூடவே உள்ளே போய், "முடிவு எடுப்பவர் இவர்தான்" என்று உங்கள் துணைவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

என் தம்பி போன வாரம் என்னிடம் சொன்னான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, "சரிடா, தூங்கு" என்று சொல்லிவிட்டேன். தப்பு செய்துவிட்டேனா? (அக்கா, வயது 34)

இல்லை. ஆனால் ஒரு வாரம் ஆகிவிட்டது, அவன் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். இன்றைக்கே போன் செய்யுங்கள். "அன்னைக்கு எனக்குப் பேச வரலடா. நீ என்கிட்ட சொன்னது எனக்குச் சந்தோஷம். வேற யாருக்குத் தெரியும்? யாருக்குச் சொல்லக் கூடாது?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். அவன் அனுமதி இல்லாமல் உங்கள் கணவரிடம்கூடச் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகு, அவனுக்கு யாரையாவது பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள். அதைக் கேட்க மாட்டீர்களா என்றுதான் அவன் காத்துக்கொண்டிருப்பான்.